அப்பாவுக்கு 54 வயதில் வந்த மாரடைப்பு எனக்கும் வருமா?

கேள்வி: டொக்டர், நான் விசுவமடுப் பக்கத்தில் ஓர் ஆசிரியை. வயது 45. அப்பா கமக்காரன், 54 வயதில் மாரடைப்பால் செத்தவர். சுருட்டு நல்லாப் பத்துவார். மாமிமார் இரண்டு பேருக்கும் சலரோகம். கனடாவில் இருக்கிற அண்ணாவுக்குப் போன வருசம் 47 வயதில் நெஞ்சில் ஸ்டென்ட் வைச்சவை. ஆனால் முள்ளியவளையில் இருந்த அம்மம்மா 94 வயது வரைக்கும் தன்ர அலுவலைத் தானே பாத்தவ. அம்மாவுக்கு 71, இப்ப என்னோட இருக்கிறா. காது கேளாது, ஆரோடையும் கதைக்காமல் ஒரு மூலையில இருக்கிறா, மறதியும் வருது. என்ர மகள் 2009 ஆனியில் செட்டிகுளம் முகாமில் பிறந்தவள், 1 கிலோ 900 கிராம். அவள் வயித்தில இருக்கேக்க எனக்குக் கஞ்சிதான் சாப்பாடு. இப்ப 16 வயது, உடம்பு நல்லாப் போட்டிட்டுது. எங்கட ரத்தமே இப்படியெண்டால் நடந்தும் சாப்பாட்டைக் குறைச்சும் என்ன பிரயோசனம்? “பரம்பரை, ஒண்டும் செய்யேலாது” எண்டு சனம் சொல்லுறது உண்மையோ?

பதில்:

அன்புள்ள சகோதரி,

“ஒண்டும் செய்யேலாது” என்பது பிழை. “பரம்பரை” என்பதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உடனே கவனிக்கவேண்டிய விஷயம் அங்கேதான் கிடக்கிறது.

தகப்பனுக்கோ ஆண் சகோதரத்துக்கோ 55 வயதுக்கு முன்னர், அல்லது தாய்க்கோ பெண் சகோதரத்துக்கோ 65 வயதுக்கு முன்னர் இருதய வருத்தம் வந்திருந்தால், அந்தக் குடும்பத்தை வைத்தியர்கள் தனியாகக் குறித்துவைப்போம். உங்கள் வீட்டில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆகவே அண்ணாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஸ்டென்ட் வைத்த நேரம் அவருடைய எல்.டி.எல் எனப்படும் கெட்ட கொழுப்பு எவ்வளவு இருந்தது? மருந்து தொடங்குவதற்கு முன்னர் அது 190 mg/dLஐத் தாண்டியிருந்தால், பிறப்பிலேயே இரத்தத்தில் கொழுப்பு மிகையாக இருக்கும் ஒரு பரம்பரை நிலையைச் சந்தேகிக்கவேண்டும். அது பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவில் உள்ள கோளாறு. 250, 300 பேரில் ஒருவருக்கு இருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிலருக்குக் குதிக்காலின் பின்னால் உள்ள தசைநாண் தடித்திருக்கும், கண் இமையில் மஞ்சள் படிவு தெரியும். பலருக்கு வெளியில் ஒன்றுமே தெரியாது. மெலிந்த ஆளாகவும் இருப்பார்கள். இந்த நிலையில் எண்ணெயைக் குறைப்பதும் நடப்பதும் மட்டும் போதாது, குளிசை வேண்டும். அதைக் காலத்தோடு தொடங்கியவர்கள் மற்றவர்களைப் போல நீண்டகாலம் வாழலாம். உங்களுக்கு இருப்பது உறுதியானால் மகளுக்கும் சோதிக்கவேண்டும். இதில் ‘பரம்பரை’ என்று தெரிந்துகொள்வதுதான் மருத்துவத்தின் முதல் படி. கைவிடுவதற்கு அது காரணமாகாது.

அண்ணாவின் அளவு அப்படி இல்லாவிட்டால், நீங்களும் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறீர்கள். அங்கே ஒரு மரபணு தனியே நின்று தீர்ப்புச் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன. பெற்றோரில் ஒருவருக்குச் சலரோகம் இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 வீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்குச் சலரோகம் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அவருடைய இரண்டு சகோதரிகளுக்கும் இருந்ததால் அவருக்கும் இருந்திருக்கலாம். அந்தக் காலத்து வன்னியில் குருதி சோதித்துப் பார்க்க வசதி இருந்தவர்கள் எத்தனை பேர்?

தெற்காசியர்களான எங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே எங்களுக்குச் சீனி ஏறிவிடுகிறது. தசை குறைவு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்புக் கூடுதல். இதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல், ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டி (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ எண்) 23ஐத் தொட்டாலே கவனம் வேண்டும் என்றது. வீட்டில் தையல் நாடா இருக்கும்தானே? மூச்சை இழுத்துப் பிடிக்காமல் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். பெண்களுக்கு எல்லை 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. “நான் அவ்வளவு குண்டில்லையே” என்று கிளினிக்கில் சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் காட்டுவது.

இனி ஆயுளுக்கு வருவோம். 1870 முதல் 1900 வரை டென்மார்க்கில் பிறந்த இரட்டையர்களை வைத்து 1996இல் வெளிவந்த ஆய்வு, எவ்வளவு காலம் வாழ்கிறோம் என்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் கால்பங்குதான் மரபணுவின் வேலை என்று காட்டியது. தொற்றும் விபத்தும் குறைந்த சமூகத்தில் அந்தப் பங்கு இதைவிடக் கூடும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. தொண்ணூறு தாண்டி வாழ்வதில் மரபணுவின் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது என்பதையும் ஏற்கலாம். அம்மம்மாவிடம் நல்ல மரபணுக்கள் இருந்திருக்கும், அவற்றில் சில உங்களிடமும் இருக்கும். அப்பாவின் பக்கத்தை மட்டும் எண்ணிப் பயப்படும் நீங்கள் அம்மம்மாவின் பேத்தியும்தான்.

ஆனால் 2018இல் வந்த ஓர் ஆய்வுதான் என்னை நிறைய யோசிக்கவைத்தது. கோடிக்கணக்கானோரின் குடும்ப மரங்களை ஆராய்ந்தபோது, இரத்த உறவே இல்லாமல் கலியாணத்தால் மட்டும் உறவானவர்களின் ஆயுளும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தது. கணவன் மனைவியிடம் மட்டுமல்ல, மனைவியின் சகோதரங்களிடமும் இது தெரிந்தது. மனிதர் தங்களைப் போன்ற படிப்பும் வசதியும் பழக்கமும் உள்ளவர்களையே பெரும்பாலும் கலியாணம் முடிக்கிறார்கள். அதனால் நாங்கள் ‘குடும்ப ரத்தம்’ என்று எண்ணுவதில் ஒரு பெரிய பகுதி, குடும்பத்தின் பழக்கமும் நிலைமையும்தான்.

உங்கள் அப்பாவையே எடுங்கள். அவருடைய மாரடைப்பில் இரத்தத்தின் பங்கு எவ்வளவு, சுருட்டின் பங்கு எவ்வளவு என்று இனிப் பிரித்தறிய முடியாது. பிரித்தானிய வைத்தியர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து றிச்சர்ட் டோல் குழு 2004இல் சொன்னது இது: வாழ்நாள் முழுக்கப் புகைப்பவர் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார். 50 வயதில் விட்டாலும் அதில் 6 ஆண்டைத் திரும்பப் பெறலாம், 60 வயதில் விட்டாலும் 3 ஆண்டு. அண்ணா புகைப்பவரானால் இந்தக் கணக்கை அவருக்குச் சொல்லுங்கள்.

அப்பாவின் சோற்றுக் கோப்பையையும் பாருங்கள். அவர் விடிய எழும்பி வயலுக்குப் போய் வரம்பு கட்டி, உழுது, சூடு அடித்தவர். அவ்வளவு சோறும் அந்த உடம்புக்குத் தேவைப்பட்டது. அதே அளவு சோற்றை வைத்துத்தான் உங்களையும் அண்ணாவையும் வளர்த்தார்கள். அண்ணா அந்தக் கோப்பையைக் கனடாவுக்குக் கொண்டுபோனார், வயலைக் கொண்டுபோக முடியவில்லை. நீங்களும் இங்கே ஸ்கூட்டியில்தான் பள்ளிக்கூடம் போய்வருவீர்கள். வன்னியிலும் வயலில் இப்போது மெசின்தான் வெட்டுகிறது. மரபணு அப்படியே இருக்க, கோப்பைக்கும் உழைப்புக்கும் இடையிலான கணக்குத்தான் மாறிப்போனது. மாற்றக்கூடியதும் அதுதான்.

அம்மம்மாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. “அந்தக் காலத்து ஆக்கள் குரக்கன் புட்டும் ஒடியல் கூழும் சாப்பிட்டு நூறு வயது வாழ்ந்தவை” என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் சராசரி ஆயுள் 43 வயது அளவில்தான் இருந்தது. மலேரியாவும் பிள்ளைப்பேற்று மரணமும் கொண்டுபோனவர்கள் எங்கள் நினைவில் இல்லை. தப்பி நின்ற அம்மம்மாமார்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய சாப்பாட்டில் எடுத்துக்கொள்ள நல்லது இருக்கிறது: முருங்கையிலை, வல்லாரை, கௌபி, பயறு, குத்தரிசி, குளத்து மீன். அதைவிடப் பெரியது, அவர்கள் 90 வயதிலும் நிலத்தில் இருந்து எழும்பினார்கள், கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள். அந்தக் கால்களின் பலம்தான் கடைசிவரை அவர்களைத் தங்கள் அலுவலைத் தாங்களே பார்க்கவைத்தது.

இப்போது மகள். உங்கள் கேள்விகளில் இதுதான் எனக்கு மிகவும் கனமானது. வன்னியில் அந்த வருடம் பிறந்த பிள்ளைகளின் தாய்மார் பலரின் மனதில் இது இருக்கிறது, வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு.

வயிற்றில் இருக்கும்போது பட்டினி பட்ட பிள்ளைக்குப் பிற்காலத்தில் என்ன ஆகும் என்று கேட்க உலகத்தில் இரண்டு கசப்பான உதாரணங்கள் உண்டு. 1944 - 45 பனிக்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு ஜெர்மன் படை உணவை மறித்தது. ஆம்ஸ்டர்டாமில் ஆளுக்கு ஒரு நாள் உணவு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அந்தக் காலத்தில் தாய் வயிற்றில் இருந்தவர்களை 50 வயதளவில் சோதித்தபோது, குறிப்பாகக் கர்ப்பத்தின் நடு, கடைசி மாதங்களில் பட்டினி பட்டிருந்தவர்களின் உடம்பு சீனியைக் கையாள்வதில் பின்தங்கியிருந்தது. உங்கள் மகளுக்கும் அதே மாதங்கள்தான். வயிற்றுக்குள் உணவு குறையும்போது சிசுவின் உடம்பு மூளையைக் காப்பாற்றுவதற்காக கணையத்திலும் தசையிலும் சிறுநீரகத்திலும் சிக்கனம் பிடிக்கிறது என்று விளக்குகிறார்கள். குறைந்த எடையோடு பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய வருத்தம் கூடுகிறது என்பதை இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1989இலேயே பழைய பிறப்புப் பதிவேடுகளில் இருந்து காட்டியிருந்தார்.

இரண்டாவது உதாரணம் லெனின்கிராட். 1941 முதல் 1944 வரை அந்த நகரம் முற்றுகையில் கிடந்தது, பட்டினி இன்னும் கொடியது. ஆனால் அப்போது வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயது தாண்டியபின் சோதித்து 1997இல் வெளியிட்டபோது, சீனியைக் கையாள்வதில் மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் காணவில்லை. ஏன்? பல ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் இது. நெதர்லாந்தில் யுத்தம் முடிந்ததும் சாப்பாடு தாராளமாக வந்துவிட்டது, சிக்கனத்துக்குப் பழகிய உடம்பு நிறைவில் மாட்டிக்கொண்டது. லெனின்கிராட்டில் அப்படித் திடீர் நிறைவு வரவில்லை. இந்த விளக்கம் சரியென்றால், வயிற்றில் நடந்தது கதையின் முதல் பாதிதான். இரண்டாம் பாதி உங்கள் குசினியில் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

அந்தக் குசினியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாயால், பின்னொரு நாள் பிள்ளை கேட்டதை ‘வேண்டாம்’ என்று மறுக்க முடிவதில்லை. சோடாவும் பிஸ்கற்றும் கொத்துரொட்டியும் அன்பின் பேரில் வருகின்றன. கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் மனம் பதறுகிறது. இதை நான் ஒருநாளும் குற்றமென்று சொல்லமாட்டேன். நீங்கள் அந்த மாதங்களில் சாப்பிட்டது போதாது என்பதும் உங்கள் குற்றமில்லை. அந்தப் பாரத்தை இறக்கிவையுங்கள். ஆனால் 1 கிலோ 900 கிராமில் பிறந்த பிள்ளையின் உடம்பு பதினாறு வயதில் வேகமாகப் பருப்பது, மருத்துவக் கண்ணுக்கு மற்றப் பிள்ளைகள் பருப்பதைவிடக் கவலையானது.

அவளைப் பட்டினி போடாதீர்கள். சொந்தக்காரர் முன்னிலையில் அவளுடைய உடம்பைப் பற்றிக் கதைக்காதீர்கள், மற்றவர்களையும் கதைக்க விடாதீர்கள். வெட்கப்பட்ட பிள்ளை ஒளித்துச் சாப்பிடும், விளையாட்டுத் திடலுக்கும் போகாது. அவளுக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். வீடு முழுவதற்கும் ஒரே கோப்பை: பாதி மரக்கறியும் கீரையும், கால்பங்கு சோறு அல்லது புட்டு, மற்றக் கால்பங்கு மீனோ முட்டையோ பருப்போ கௌபியோ. சோடாவை வீட்டுக்குள் கொண்டுவருவதை நிறுத்துங்கள். தேத்தண்ணியில் சீனியைக் கிழமைக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் எட்டுக் கரண்டி, முப்பது கிராமுக்கும் மேல். சேர்க்கும் சீனி நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மகளின் கழுத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். தோல் கறுத்துத் தடித்து, தேய்த்தும் போகாமல் இருந்தால் அது அழுக்கில்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். மாதவிடாய் தள்ளித்தள்ளி வந்தாலும் சொல்லுங்கள். இரண்டுக்கும் வைத்தியரைக் காட்டவேண்டும். வலைப்பந்தோ ஓட்டமோ எதிலாவது அவளைச் சேர்க்கப் பாருங்கள். ரியூசன் நேரத்தோடு மோதினால் ஒரு ரியூசனை விடுவது நல்லது என்று, நீங்கள் ஆசிரியை என்று தெரிந்தும் சொல்கிறேன்.

“நடந்து என்ன பிரயோசனம்” என்று கேட்டீர்கள். சீனி எல்லைக்கோட்டில் நின்றவர்களை வைத்து பின்லாந்தில் 2001இலும் அமெரிக்காவில் 2002இலும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் இரண்டிலும், உணவும் உடற்பயிற்சியும் சலரோகம் வருவதை 58 வீதம் குறைத்தன. சென்னையில் எங்களைப் போன்ற உடம்புக்காரரிடம் செய்து 2006இல் வெளியான ஆய்வில் அது 28 வீதமாக இருந்தது. குறைவுதான், ஆனாலும் மூன்று வருடத்துக்குள் கிடைத்த பலன் அது. அந்த ஆட்களில் பலருக்கும் பரம்பரை இருந்தது. கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாட்கள் அரை மணித்தியாலம், கதைக்கக்கூடியதாக ஆனால் பாட முடியாததாக இருக்கும் வேகம். எங்கள் றோட்டில் விடியப்புறம் நாய்களும் இருட்டும் இருப்பது தெரியும், பெண்கள் தனியே நடக்கத் தயங்குவதும் தெரியும். பள்ளிக்கூட மைதானத்தில் மணி அடிப்பதற்கு முன்னரோ விட்ட பின்னரோ இரண்டு ரீச்சர்மாரைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம். அதோடு கிழமைக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத்தரம் எழும்பி இருங்கள், தண்ணீர் வாளியைக் கைமாற்றித் தூக்கி நடங்கள்.

இது அம்மாவுக்கும் சேர்த்துத்தான். 1990இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், 90 வயதளவிலான பலவீனமானவர்களுக்கு எட்டுக் கிழமை காலுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கால் பலம் இரண்டு மடங்குக்கும் மேலானது. 71 வயது ஒன்றும் பிந்தவில்லை.

அம்மாவின் மறதியை ‘வயசுபோட்டுது’ என்று விடாதீர்கள். 2024இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கவனித்தால் உலகில் அறிவாற்றல் இழப்பு நோயில் 45 வீதம் அளவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. அதில் காது கேளாமை ஒன்று, தனிமை இன்னொன்று. காது கேளாதவர் கதையில் கலந்துகொள்வதில்லை, கலக்காதவரிடம் மற்றவர்களும் கதைப்பதை விட்டுவிடுகிறார்கள். செல் (எறிகணை) வெடித்த அதிர்வில் காது கெட்டவர்கள் எங்களிடம் நிறைய. காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். சிலவேளை காதுக் குடும்பி கட்டியாய் அடைத்திருப்பதுதான் காரணமாக இருக்கும், சிலருக்குக் கேட்கும் கருவி தேவைப்படும். பிரஷர், சீனி, தைரொயிட், விற்றமின் பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். யாரிடமும் கதைக்காமல் இருப்பது மனச்சோர்வாகவும் இருக்கலாம். அம்மா யார் யாரை இழந்தவ என்று நீங்கள் எழுதவில்லை, இங்கே அதைக் கேட்கத் தேவையும் இல்லை. மாவட்ட வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதில் ஒரு வெட்கமும் வேண்டாம். அந்த மறதியில் ஒரு பகுதி துக்கத்தால் வந்ததென்றால், அது சிகிச்சையில் திரும்பக்கூடிய பகுதி.

உங்களுக்கு: 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011 முதல் இயங்குகின்றன. பிரஷர், சீனி, எடை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். நீங்கள் பத்து வருடம் பிந்திவிட்டீர்கள், இந்த மாதமே போங்கள். கொழுப்புச் சோதனையும் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். சிறுநீரகத்துக்குக் கிரியற்றினின் என்ற இரத்தச் சோதனையையும் சேர்க்கச் சொல்லுங்கள், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருப்பதால். வெறும்வயிற்றுச் சீனி 126 mg/dL அல்லது அதற்கு மேலென்றால் மீண்டும் சோதித்து உறுதிசெய்து மருந்து தொடங்குவார்கள். 100க்கும் 125க்கும் இடையிலென்றால் நீங்கள் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், மேலே சொன்ன நடையும் கோப்பையும் மிகவும் வேலை செய்யும் இடம் அதுதான். மகள் வயிற்றில் இருந்தபோதோ வேறு கர்ப்பத்திலோ சீனி கூடியிருந்ததாக யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

முதல்நாள் இராச்சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, காலையில் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு போங்கள். அதற்கு முன்னர் அண்ணாவிடம் அவருடைய ஆஸ்பத்திரிக் கடதாசிகளையும் கொழுப்புச் சோதனை முடிவையும் வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை வைத்தியரிடம் காட்டி, “அப்பாவுக்கு 54, அண்ணாவுக்கு 47” என்ற இரண்டு எண்களையும் அவர் உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதும்வரை இருந்து வாருங்கள்.